நெல்டாவிடம் மட்டும் சொல்லாத கல்யாணம்

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ள எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறவர்கள் யாரும் ஓடி வருவதில்லை. நான்கு மாதத்துக்கு முன்பே விண்ணப்பம் போட்டு, பூங்கா அலுவலகத்தில் அனுமதிச் சீட்டு வாங்கி, விமானத்தில் ஜன்னலோர இருக்கையாகப் பார்த்துப் பதிவு செய்து, நிதானமாக வந்து ஓடிப்போகிறார்கள். இதற்கெல்லாம் திட்டம் போட்டுக் கொடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா? அந்த ஆள்தான் நெல்டா பிக்ஸ்பி.

எங்கள் ஊர் பீட்டி. நெவாடாவில் இருக்கிறது. டெத் வேலி தேசியப் பூங்காவின் எல்லைப் பலகை இங்கிருந்து கால் மணி நேரம். ஊரில் ஆட்கள் குறைவு, காட்டுக் கழுதைகள் அதிகம். நான் காசு போட்டுத் துணி துவைக்கும் கடை வைத்திருக்கிறேன். நெல்டா ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறாள். பள்ளத்தாக்கில் சூடேறி நின்றுபோன கார்களை இழுத்து வருவது அவள் பிழைப்பு. வயது ஐம்பத்தெட்டு. ஆரஞ்சு நிறச் சட்டையும் டீசல் என்ஜினுக்கு மேல் கேட்கிற குரலும்தான் அவள் அடையாளம். அவளுடைய கணவர் மகளுக்கு ஆறு வயதாக இருக்கும்போது ரீனோவுக்கு வேலை தேடிப் போனவர். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், ஒரு மே மாதத்தில், நின்றுபோன வாடகைக் கார் ஒன்றை இழுக்கப் போனாள். காருக்குப் பக்கத்தில் கல்யாண உடுப்போடு ஒரு பெண் சாலையோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை என்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணம் பண்ணி வைக்க வர வேண்டியவர் புழுதிக்காற்றைப் பார்த்துப் பாதியிலேயே திரும்பிவிட்டார். "நீங்க பண்ணி வைக்க முடியாதாங்க?" என்று அந்தப் பெண் கேட்டிருக்கிறாள். "எனக்கு வண்டி இழுக்கத்தாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்த நெல்டாவுக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதமே இரண்டு மாநிலத்துக்கும் செல்லுபடியாகிற மாதிரி கல்யாணம் பண்ணி வைக்கும் தகுதியை வாங்கிவிட்டாள்.

அன்றிலிருந்து இருநூற்றுச் சொச்சம் கல்யாணம். சாட்சிக்கு ஆள் இல்லையென்றால் என் கடைக்கு வந்து, "வெண்டெல், கைய கழுவிட்டு வண்டில ஏறு" என்பாள். முகம் தெரியாதவர்களின் கல்யாணத்தில் என் அளவுக்குக் கையெழுத்துப் போட்டவன் இந்த மாவட்டத்தில் இருக்க முடியாது.

அவளுடைய ஏற்பாடுகளில் குறை சொல்ல முடியாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கல்யாணம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. ஆளுக்கு ஒரு கேலன் தண்ணீர். பூ தூவுவது, அரிசி எறிவது, பலூன் கட்டுவது எதுவும் கூடாது. சூரியன் எந்த நிமிடத்தில் எந்த மலைக்கு மேல் வரும், மணமகளின் மூக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்பது வரைக்கும் சொல்லிவிடுவாள். யாராவது போனில் கூப்பிட்டால் வணக்கம்கூடச் சொல்லாமல் அவள் கேட்கும் முதல் கேள்வி, "யாருக்குத் தெரியக்கூடாது?" என்பதுதான். அப்பாவா, அம்மாவா, பழைய காதலியா என்று குறித்துக்கொள்வாள். ஒருமுறை ஒஹையோவிலிருந்து ஒரு தாய் அழுதுகொண்டே கூப்பிட்டு, தன் மகள் அங்கே வந்திருக்கிறாளா என்று கேட்டாள். மகள் அப்போது நெல்டாவின் வண்டியில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். "அப்படி யாரும் வரலீங்களே" என்று நெல்டா பிசிறில்லாமல் சொல்லி வைத்துவிட்டாள்.

"பாவமில்லயா?" என்று கேட்டேன்.

"அம்மாவுங்க தாங்கிக்குவாங்க. கல்யாணம் அந்தப் பொண்ணோடது."

மற்ற அம்மாக்களுக்கு இப்படித் தீர்ப்புச் சொன்னவள், தன் மகள் டெசா விஷயத்தில் மட்டும் வேறு ஆள். டெசாவின் கல்யாணத்தைத் தானே பண்ணி வைப்பதாக அவள் முடிவு செய்து பல வருடம் ஆகிவிட்டது. எந்த மலைமேடு, எத்தனை மணி, யார் எங்கே நிற்பது, பிறகு என்ன இனிப்பு தின்பது எல்லாம் தயார். மாப்பிள்ளைதான் பாக்கி. "ஊரான் வீட்டுப் பொண்ணுங்க இருநூறு பேருக்குப் பண்ணி வச்சேன். என் பொண்ணுக்குப் பண்ணி வச்சிட்டா இந்த வேலைய விட்டாலும் பரவால்ல" என்று என் கடையில் காபி குடித்துக்கொண்டே சொல்வாள். சொல்லும்போது மட்டும் குரல் தணியும்.

டெசாவுக்கு இருபத்தொன்பது வயது. லாஸ் வேகாஸில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்கிற வேலை. போன பிப்ரவரி கடைசியில் கையில் நீளமான பை ஒன்றோடு என் கடைக்குள் வந்தாள். வாசலை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

"மாமா, இதுக்கு ஆவி காட்டிச் சுருக்கம் எடுத்துத் தரணும்."

திறந்து பார்த்தேன். வெள்ளை உடுப்பு.

"யாரோடது?"

"என்னோடதுதான். மார்ச் மூணாவது சனிக்கிழம. பூங்கா மணல்மேட்டுல, சூரியன் வர்றப்ப. சால் அனுமதிச் சீட்டு வாங்கிட்டான்."

சால் என்கிற சாலமோன் ஹோட்டல்களில் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

"அம்மாவுக்கு?"

"தெரிஞ்சா நான் ஏன் மாமா உங்ககிட்ட வர்றேன்?"

நான் உடுப்பைப் பையில் திருப்பிப் போட்டு நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"ஸ்கூல் முடிச்ச அன்னைக்கு எல்லாரும் தொப்பிய மேல தூக்கிப் போட்டாங்க. அம்மா மட்டும் கூட்டத்துக்குள்ள வந்து, இந்தப் பக்கம் திரும்பிப் போடு, வெயில் மூஞ்சில படுதுன்னாங்க. முதல் கார் வாங்குனப்ப வித்தவன்கிட்ட அவங்கதான் பேசுனாங்க. அவங்க வந்தா அது அவங்க பண்ணி வைக்கிற இருநூத்திப் பதினாலாவது கல்யாணம் மாமா. எனக்கு ஒரே ஒரு நாள் வேணும். தப்பு நடந்தாலும் நானே பண்ணுன தப்பா இருக்கட்டும். முடிஞ்சதும் நானே நேர்ல வந்து சொல்லிக்கிறேன்."

"சாட்சி யாரு?"

"உங்களவிட அனுபவசாலி யாரு இருக்கா?"

மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் சங்கடம். நெல்டாவை நினைத்தால் அதைவிடச் சங்கடம். அவள் எதை இழக்கப்போகிறாள் என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. மூன்று வாரம் தினமும் காலையில் அவள் எதிரே உட்கார்ந்து காபி குடிப்பது எனக்குத் தண்டனையாகவே இருந்தது.

"என்ன ஆச்சு உனக்கு? வாயே திறக்க மாட்டேங்கிற" என்றாள் இரண்டாவது வாரம்.

"பல்வலி."

சொல்லியிருக்கக் கூடாது. நெல்டாவிடம் ஒரு கஷ்டத்தைச் சொன்னால் உடனே தீர்த்து வைத்துவிடுவாள். அப்போதே டெசாவுக்குப் போன் போட்டு எனக்கு நேரம் வாங்கிவிட்டாள். வியாழக்கிழமை நான் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி லாஸ் வேகாஸ் போய், வாயைப் பிளந்து படுத்துக்கொண்டேன். டெசா பல்லைச் சுரண்டிக்கொண்டே மிச்சத் திட்டத்தைச் சொன்னாள். கூட வேலை பார்க்கும் மரிசெல் என்ற பெண்தான் கல்யாணம் பண்ணி வைக்கப் போகிறாள், இதற்காகவே தகுதி வாங்கியிருக்கிறாள், காகிதமெல்லாம் தயார். எந்தக் காகிதம், எங்கே வாங்கியது என்று நான் கேட்டிருக்க வேண்டியது. வாயில் குழாய் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மணல்மேட்டில் நாங்கள் நான்கு பேர். நன்றாகத்தான் நடந்தது. மணல் ஏற மூச்சு வாங்கியது, மரிசெல் இரண்டு இடத்தில் தடுமாறினாள், சால் சொல்ல வேண்டியதை மறந்துபோய் "ஆமா, அதேதான்" என்றான். டெசா விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பெண் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நெல்டா இதைப் பார்க்கவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

கீழே இறங்கி வந்து காரின் முன்பக்கம் காகிதத்தை விரித்து என்னிடம் பேனாவைக் கொடுத்தார்கள். தலைப்பைப் பார்த்தேன். நெவாடா மாநிலம். பேனாவை மூடினேன்.

"டெசா, இந்தக் கல்யாண லைசென்ஸ எங்க வாங்குன?"

"லாஸ் வேகாஸ்லதான். ஏன்?"

"நாம இப்ப நிக்கிறது கலிபோர்னியா."

இந்தப் பூங்கா இரண்டு மாநிலத்தில் கிடக்கிறது. பெரும்பகுதி கலிபோர்னியா, ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் நெவாடா. நெவாடாவில் வாங்கிய லைசென்ஸ் நெவாடா மண்ணில்தான் செல்லும். கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எத்தனை தரம் சம்மதம் சொன்னாலும் சட்டத்துக்குக் காது கேட்காது. வெளியூர்க்காரர்கள் லாஸ் வேகாஸில் இறங்குவார்கள், அங்கேயே காகிதம் வாங்குவார்கள், இங்கே வந்து மாட்டிக்கொள்வார்கள். இதைத் தவிர்க்கத்தான் நெல்டா ஒவ்வொருவரிடமும் போனில் மூன்று தடவை கத்துவாள். நெல்டாவின் வாடிக்கையாளர் ஒருவருக்குக்கூட இந்தத் தப்பு நடந்ததில்லை. அவள் பெற்ற மகளுக்கு நடந்துவிட்டது. இந்தக் கத்தலைக் கேட்டுக் கேட்டே பதினெட்டு வயதிலிருந்து காதைப் பொத்திக்கொண்டவள்தானே.

"அப்ப எங்களுக்குக் கல்யாணம் ஆகலயா?" என்றான் சால்.

"ஆகல தம்பி. நல்ல ஒத்திகை."

"சரி, திங்கக்கிழம வேகாஸ்ல ஆபீஸுக்குப் போய்ப் பண்ணிக்கலாம்" என்றான் அவன், சமாதானமாக.

டெசா காரின் பம்பரில் உட்கார்ந்துவிட்டாள். "திங்கக்கிழம நான் எவனோ ஒருத்தன் பல்லுல கறை எடுத்துக்கிட்டிருப்பேன். எனக்கு இன்னைக்குத்தான் வேணும். இந்தப் பூங்காவுலதான் வேணும்."

பூங்காவுக்குள்ளேயே நெவாடாத் துண்டு இருக்கிறது, பீட்டி போகிற சாலை நான்கைந்து மைல் அதற்குள்தான் ஓடுகிறது என்று நான் சொன்னேன். ஆனால் அனுமதிச் சீட்டில் மணல்மேடு என்றுதான் எழுதியிருக்கிறது. இடத்தை மாற்ற ரேஞ்சரிடம் யார் பேசுவது, அந்தப் பொட்டலில் எங்கே நிற்க விடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்த ஆள் ஒரே ஒருத்தி. அவள் பெயரை நான் சொல்லவில்லை. டெசா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

அங்கே கைபேசி வேலை செய்யாது. பக்கத்துக் கடையில் இருந்த பழைய போனில் எண்ணைச் சுழற்றினாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். நெல்டாவின் குரலுக்கு அந்தத் தூரம் போதாது.

"பிக்ஸ்பி கல்யாண ஏற்பாடு. யாருக்குத் தெரியக்கூடாது, மொதல்ல அதச் சொல்லுங்க."

டெசா கண்ணை மூடிக்கொண்டாள்.

"உனக்கு."

நெல்டாவின் குரல் தணிந்தது.

"டெசாவா?"

"ஆமாம்மா."

"எங்க இருக்க?"

"மணல்மேட்டுக்குப் பக்கத்துக் கடைல. கல்யாணம் பண்ணிக்க வந்தோம். லைசென்ஸ் வேகாஸ்ல வாங்கிட்டேன்."

இப்போது திட்டு விழப்போகிறது என்று நான் கடைக்காரரின் பிஸ்கட் அடுக்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். விழவில்லை.

"தண்ணி இருக்கா?"

"இருக்கு."

"சாட்சி யாரு?"

"வெண்டெல் மாமா."

"அவனுக்குப் பல்வலி."

"வலியெல்லாம் இல்லம்மா. ரெண்டு சொத்தை மட்டும் இருக்கு."

பிறகு நெல்டா கேட்டது, என் வாழ்நாளில் அவள் யாரிடமும் கேட்காத கேள்வி.

"நான் வரவா? இல்ல, என்ன செய்யணும்னு போன்லயே சொல்லிடட்டுமா? உனக்கு எது வசதி?"

டெசா போன் கம்பியை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "வாம்மா."

நாங்கள் அந்த நெவாடாத் துண்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நெல்டா அங்கே இருந்தாள். ரேஞ்சரும் வந்திருந்தார். தன் வண்டியின் மேல் வைத்தே சீட்டில் இடத்தை மாற்றி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, "பத்து மணிக்குள்ள முடிச்சிருங்க" என்று கிளம்பினார். இடம் ஒன்றும் பிரமாதமில்லை. சரளைக்கல், முழங்கால் உயரப் புதர்கள், ஒரு தார்ச்சாலை, யாரோ துப்பாக்கியால் சுட்டுப் பழகிய பலகை ஒன்று. நெல்டா யாருக்கும் பரிந்துரைக்காத இடம்.

அவள் வேலைச் சட்டையோடுதான் வந்திருந்தாள். தலையை மட்டும் தண்ணீர் தொட்டு வாரியிருந்தாள். மகளின் உடுப்பை மேலிருந்து கீழே பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். பிறகு, "வண்டியக் காத்துக்குக் குறுக்க நிறுத்தட்டுமா? வேணாம்னா வேணாம்" என்றாள்.

"நிறுத்தும்மா."

நிறுத்திவிட்டு என்னிடம் வந்தாள்.

"மூணு வாரம். என் எதிர்ல உக்காந்து காபி குடிச்சுக்கிட்டே."

"சாட்சிக்கு வாய் கூடாதுன்னு நீதான சொல்லுவ."

"அது மூஞ்சி தெரியாத அம்மாவுங்களுக்குச் சொன்னது" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

மரிசெல் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். நெல்டா என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மரிசெல் தப்பான பக்கம் நின்றாள், டெசாவின் கண்ணில் நேரே வெயில். நெல்டாவின் உதடு திறந்தது, மூடியது. சால் மோதிரத்தை இடது கைக்கும் வலது கைக்கும் மாற்றி மாற்றிக் கொண்டுபோனான். நெல்டா என் முழங்கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில் ஏற்பட்ட காயம் நாலு நாள் நீலமாக இருந்தது.

அப்போது பீட்டி பக்கமிருந்து ஒரு பெரிய லாரி போனது. அது கிளப்பிவிட்ட காற்றில் மரிசெல் பார்த்து வாசித்துக்கொண்டிருந்த தாள் எழும்பிப் புதர்களுக்கு மேல் பறந்தது. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நெல்டா அதற்குள் ஓடிவிட்டாள். அவள் வேலை அப்படி. பூங்காவில் ஒரு காகிதத் துண்டை விட்டுவிட்டுப் போனால் அவளால் தூங்க முடியாது. பதினோரு வருடப் பழக்கம் காலில் ஏறி உட்கார்ந்திருந்தது. தாள் ஒரு புதரில் மாட்டும், அவள் எட்டுவாள், மறுபடி எழும்பும். ஆரஞ்சுச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது.

மரிசெல் கடிகாரத்தைப் பார்த்தாள். "மிச்சம் ரெண்டு வரிதான், எனக்கு மனப்பாடம். முடிச்சிடலாமா? பத்து மணி ஆகப்போகுது."

"அம்மா வரட்டும்" என்றாள் டெசா.

"கூப்பிட்டுப் பாக்கவா? தாள் போனாப் போகுது" என்றான் சால்.

"பிடிக்காம வரமாட்டாங்க. வரட்டும். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க."

நின்றோம். தூரத்திலிருந்து நெல்டா எங்களைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் சும்மா நிற்பது தெரிந்ததும் இரண்டு கையையும் வீசினாள், நடத்துங்கள், நடத்துங்கள் என்று. டெசா தலையை ஆட்டி மறுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். அவள் அம்மா நிற்பது மாதிரியே நின்றாள். நெல்டா மறுபடி கையை வீசினாள். இவள் அசையவில்லை. வெயில் ஏறியது. டெசாவின் மூக்கு சிவந்தது. ஏழெட்டு நிமிடம் இருக்கும்.

நெல்டா தாளோடு வந்து சேர்ந்தாள். கெண்டைக்காலில் முள் கீறி ரத்தம். மூச்சு வாங்கியது.

"ஏன் நிறுத்துனீங்க? நேரம் போகுது, பர்மிட் பத்து மணிக்கு முடியுது, இந்த வெயில்ல இந்தப் பொண்ணு..."

"நீ இல்லாம எப்படிம்மா?" என்றாள் டெசா.

நெல்டா தாளை மரிசெல்லிடம் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து நிற்கத் திரும்பினாள். டெசா மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டாள். மிச்சம் இரண்டு வரியும் அப்படியே நடந்தது. ஒரு கை சாலிடம், ஒரு கை அம்மாவிடம். மோதிரம் போட வேண்டிய கை அம்மாவிடம் இருந்ததால் சால் காத்திருந்தான், நல்ல பையன்.

காகிதத்தை நெல்டாவின் வண்டிக் கதவுப் படியில் விரித்தார்கள். மரிசெல் கையெழுத்துப் போட்டாள். என்னிடம் வந்த பேனாவை நான் நெல்டாவிடம் நீட்டினேன். சாட்சி என்ற இடத்தை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். இருநூற்றுப் பதின்மூன்று கல்யாணத்தில் அந்த இடத்தில் அவள் பெயர் வந்ததில்லை. குனிந்து எழுதினாள். எழுத்து வரியை விட்டு இறங்கி, கோணி, கடைசி எழுத்து ஓரத்துக்கே போய்விட்டது.

"பாழாப்போன காத்து" என்றாள்.

வண்டி மறைவில் அங்கே அந்தக் காகிதத்தின் ஓரம்கூட அசையவில்லை.

"ஆமா, பெரிய காத்துதான்" என்றேன் நான்.